அப்பா படித்துறையில் இறங்காத ஆடிப்பெருக்கு

எங்கள் ஊர் பாபநாசத்துக்குப் பக்கம், குடமுருட்டிக் கரையில் இருக்கிறது. ஆற்றில் தண்ணீர் ஓடுகிற மாதமெல்லாம் அப்பாவுக்கு ஆற்றுக் குளியல்தான். 76 வயது வரை அப்படித்தான் நடந்தது. போன வருஷம் ஆடிப்பெருக்கு அன்று அம்மா காப்பரிசி, காதோலை, கருகமணி எல்லாம் தாம்பாளத்தில் எடுத்துக்கொண்டு படித்துறையில் இறங்கினாள். நானும் பிள்ளைகளும் பின்னாலேயே இறங்கினோம். அப்பா மேலே அரசமரத்து மேடையிலேயே உட்கார்ந்துவிட்டார். "தண்ணி கலங்கலா இருக்கு பாப்பா, நீங்க குளிச்சிட்டு வாங்க" என்றார்.

புதுத் தண்ணீர் எந்த வருஷம் தெளிந்து வந்திருக்கிறது? அந்தச் செந்தண்ணீருக்காகவே காத்திருந்து முதல் ஆளாக இறங்குகிறவர் அவர்.

அன்று ராத்திரி படுத்துக்கொண்டு யோசிக்க யோசிக்க, ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. ஒரு வருஷமாகவே அப்பா திண்ணையில் உட்காருவதில்லை. கைப்பிடி வைத்த பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைத் திண்ணை ஓரமாகப் போட்டு அதில்தான் உட்காருகிறார். கும்பகோணம் போக டவுன் பஸ் ஏறுவதில்லை, "ஷேர் ஆட்டோல போனா சீக்கிரம் போயிடலாம்" என்கிறார். ரேஷன் அரிசியைத் தூக்கி வரப் பக்கத்து வீட்டுப் பையனைக் கூட்டிப் போகிறார். தரையில் இலை போட்டுச் சாப்பிட்டவர் மேசைக்கு மாறிவிட்டார். நாங்கள் முட்டி வலி என்று நினைத்துக்கொண்டோம். எனக்கு முட்டி வலிக்கிறது என்று அவர் ஒரு நாளும் சொன்னதில்லை என்பது அந்த ராத்திரியில்தான் எனக்கு உறைத்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் சொன்னார். தனித்தனியாகக் கேட்டால் எல்லாமே நியாயமான காரணம். சேர்த்துப் பார்த்தால், கையை ஊன்றாமல் எழ வேண்டிய இடம், காலைத் தூக்கி வைக்க வேண்டிய இடம், பாரம் தூக்க வேண்டிய இடம் எல்லாவற்றையும் அவர் ஒவ்வொன்றாக விட்டுக்கொண்டே வந்திருக்கிறார்.

எங்கள் கண்ணில் படாமல் போனதற்கு முக்கியக் காரணம் அவருடைய எடை. 64 கிலோ, பல வருஷமாக அதே 64. ஆள் இளைக்கவில்லையே, என்ன குறை என்று இருந்துவிட்டோம். கால் சதை வற்றிக்கொண்டே போக வயிற்றில் கொழுப்பு சேர்ந்துகொண்டே வந்தால் தராசு முள் நகராது. இதை அப்போது எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. அதற்கு முந்தின கார்த்திகையில் நிமோனியா வந்து ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். காய்ச்சல் போனது, சளி போனது, தெம்பு மட்டும் திரும்பவில்லை. கால் பின்னுகிறது என்று அவரே ஒரு தடவை சொல்ல, ஒரு மருத்துவரிடம் அழைத்துப் போனேன். அவர் அப்பாவை நாற்காலியிலிருந்து எழச் சொல்லிக்கூடப் பார்க்கவில்லை. "வயசாச்சும்மா, அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லி ஒரு டானிக் எழுதித் தந்தார். இரண்டு பாட்டில் தீர்ந்ததுதான் மிச்சம்.

இப்போது யோசித்தால் எனக்கு அந்த மருத்துவர் மேல் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம். வயதானவர்களின் தசை இழப்புக்கு சார்கோபீனியா என்ற பெயரே 1989-இல்தான் வந்தது. அமெரிக்க ஊட்டச்சத்து ஆய்வாளர் இர்வின் ரோசன்பெர்க் வைத்த பெயர் அது. கிரேக்க மொழியில் சதைக் குறைவு என்று பொருள். அமெரிக்காவில் மருத்துவர்கள் பயன்படுத்தும் நோய்ப் பட்டியலில் தனிக் குறியீடு கிடைத்தது 2016-இல். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் அளவு பார்ப்பது எல்லாருக்கும் பழகிவிட்டது. இதற்கும் அளவு உண்டு என்பது இன்னும் பழகவில்லை.

எங்கள் எதிர் வீட்டுப் பெரியப்பாவுக்குப் பக்கவாதம். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ஒரு பிசியோதெரபிஸ்ட் வந்து பயிற்சி கொடுத்துவிட்டுப் போவார். 2021 ஆகஸ்டில் தொடங்கிய திட்டம் அது. பிரஷர், சர்க்கரை மாத்திரை வீட்டுக்கு வருவது எல்லாருக்கும் தெரியும், பிசியோதெரபியும் அதில் உண்டு என்பது எங்கள் தெருவிலேயே பலருக்குத் தெரியாது. அந்த மேடம் வந்த அன்று நான் போய் நின்று, அப்பாவை ஒரு நிமிஷம் பார்க்க முடியுமா என்று கேட்டேன்.

அவர் உள்ளே வந்து நாடி பிடிக்கவில்லை, நாக்கை நீட்டச் சொல்லவில்லை. பிள்ளைகள் படிக்கிற கைப்பிடி இல்லாத மர நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடச் சொன்னார். "ஐயா, இதுல உட்காருங்க. ரெண்டு கையையும் மார்புல கட்டிக்கிங்க. கையை எடுக்காம எழுந்து நேரா நின்னு, திரும்ப உட்காரணும். அஞ்சு தடவை, உங்களால முடிஞ்ச வேகத்துல."

முதல் தடவை எழுந்தார். இரண்டாவது தடவை உடம்பை முன்னால் சாய்த்து ஒரு தம் கட்டி எழுந்தார். மூன்றாவது தடவை இடுப்பு நாற்காலியை விட்டு நாலு விரற்கடை மேலே வந்தது, தொடை இரண்டும் நடுங்கின, பொத்தென்று உட்கார்ந்துவிட்டார். கட்டியிருந்த கை அவரை அறியாமலே பிரிந்து தொடையைப் பிடித்திருந்தது. ஏக்கர் கணக்கில் நாற்றுக்கட்டு சுமந்த மனிதர். அம்மா சமையற்கட்டு நிலைப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். யாரும் ஒன்றும் பேசவில்லை. கொஞ்சம் ஆற விட்டு மேடம் மறுபடி செய்யச் சொன்னார். ஐந்தும் முடிக்க 19 விநாடி ஆனது.

ஆசிய நாடுகளின் மருத்துவர்கள் கூடி 2019-இல் வகுத்த அளவின்படி இது 12 விநாடிக்குள் முடிய வேண்டும். 12-ஐத் தொட்டாலே தசை இழப்பு இருக்கலாம் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். வீட்டில் செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு: நாற்காலி ஒன்றரை அடிக்குச் சற்றுக் குறைவான உயரத்தில், வழுக்காமல், சுவரில் முட்டியபடி இருக்க வேண்டும். சோபா, கட்டில், கயிற்றுக் கட்டில் எதுவும் கூடாது, உள்வாங்கும். ஐந்தாவது தடவை நேராக நிமிர்ந்ததும் கடிகாரத்தை நிறுத்துங்கள். கட்டாயம் ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும். அன்று மேடம் கை அப்பாவின் முதுகுக்குப் பின்னால் இருந்துகொண்டே இருந்ததை நான் கவனித்தேன்.

அடுத்து, என் தையல் பெட்டியிலிருந்த இஞ்சு டேப்பை வாங்கிக் கெண்டைக்காலை அளந்தார். சதை எங்கே அதிகம் பருத்திருக்கிறதோ அந்த இடத்தில், இறுக்காமல், இரண்டு காலிலும் அளந்து பெரிய அளவை எடுத்துக்கொள்ள வேண்டும். ஆண்களுக்கு 34 சென்டிமீட்டருக்கும் பெண்களுக்கு 33-க்கும் குறைந்தால் சந்தேகப்படலாம். அப்பாவுக்கு 31. டேப் இல்லாதவர்களுக்கு ஜப்பான்காரர்கள் ஒரு வழி வைத்திருக்கிறார்கள்: இரண்டு கைகளின் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து வளையமாக்கி, அவரவர் கெண்டைக்காலைச் சுற்றிப் பிடித்துப் பார்ப்பது. வளையத்துக்குள் இடைவெளி விழுந்தால் கவனிக்க வேண்டும். அப்பாவின் வளையத்துக்குள் என் சுண்டுவிரல் போனது.

அப்புறம் ஐந்து கேள்விகள். நாலரை கிலோ எடையைத் தூக்க எவ்வளவு சிரமம், ஓர் அறையின் குறுக்கே நடக்க எவ்வளவு சிரமம், நாற்காலியிலிருந்தோ கட்டிலிலிருந்தோ எழ எவ்வளவு சிரமம், பத்துப் படி ஏற எவ்வளவு சிரமம், ஒரு வருஷத்தில் எத்தனை முறை விழுந்தீர்கள். சிரமம் இல்லை என்றால் பூஜ்யம், கொஞ்சம் என்றால் 1, ரொம்ப என்றால் 2. விழுந்ததற்கு, ஒன்று முதல் மூன்று முறை என்றால் 1, அதற்கு மேல் என்றால் 2. கூட்டி 4 அல்லது அதற்கு மேல் வந்தால் மேற்கொண்டு பரிசோதிக்க வேண்டும். அப்பாவுக்கு 5 வந்தது. கொல்லைப்புறத்தில் ஒரு தடவை விழுந்ததை அன்றைக்குத்தான் எங்களிடம் சொன்னார்.

இந்தக் கேள்விகளைப் பற்றி ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் நாங்கள் இன்னொருவரைத் தவறவிட இருந்தோம். அம்மாவுக்கு 71 வயது. "எனக்கும் கேளுங்க" என்று வந்து நின்றாள். முக்கால்வாசிக் கேள்விக்கு "எனக்கென்ன, நல்லாத்தானே இருக்கேன்" என்றாள். கூட்டினால் 2 வந்தது. கெண்டைக்கால் 34. சரி, அம்மாவுக்கு ஒன்றும் இல்லை என்று நான் எழப் போனேன். மேடம் அம்மாவின் முழங்கால் எலும்புக்குக் கீழே கட்டைவிரலை வைத்து அழுத்தி எடுத்தார். அழுத்திய இடம் குழியாகவே நின்றது. கால் வீக்கம். பிரஷருக்கு அம்மா சாப்பிடும் அம்லோடிபின் மாத்திரையால் சிலருக்கு இப்படி வீங்குமாம். வீங்கிய காலை அளந்தால் தண்ணீரையும் சேர்த்துத்தான் டேப் காட்டும். மாத்திரையை நாமாக நிறுத்தக் கூடாது, மருத்துவரிடம் சொல்லித்தான் மாற்ற வேண்டும். சிரமத்தைச் சிரமம் என்று சொல்லவே தெரியாத நம் வீட்டுப் பெண்களுக்கு அந்தக் கேள்வித்தாளை மட்டும் நம்பக் கூடாது. அதில் 4 வந்தவர்களுக்குப் பிரச்சினை இருக்க வாய்ப்பு அதிகம், 4 வராதவர்களில் பலருக்கும் இருக்கும்.

அடுத்த வாரம் தஞ்சாவூரில் ஒரு மருத்துவமனையின் பிசியோதெரபி பிரிவில் இருவருக்கும் கைப்பிடி வலு பார்த்தோம். கையில் பிடித்து நெரிக்கிற சின்னக் கருவிதான். ஆணுக்கு 28 கிலோவுக்குக் குறைந்தால் வலு குறைவு, பெண்ணுக்கு 18. அப்பாவுக்கு 22 காட்டியது, அம்மாவுக்கு 14. கேள்வித்தாளில் தப்பித்த அம்மா அங்கே மாட்டிக்கொண்டாள். தசையின் அளவை உறுதி செய்ய டெக்ஸா ஸ்கேன் எடுக்கலாம், ஆனால் வலு குறைந்தது தெரிந்த பிறகு ஸ்கேனுக்காகக் காத்திருக்க வேண்டாம், உணவையும் பயிற்சியையும் இன்றே தொடங்குங்கள் என்று அங்கிருந்த மருத்துவர் சொன்னார். சர்க்கரை, தைராய்டு, வைட்டமின் டி, சிறுநீரகத்துக்காக கிரியாட்டினின், இவற்றுக்கு ரத்தம் கொடுத்துவிட்டு வந்தோம். கிரியாட்டினின் முக்கியம். சிறுநீரகம் பழுதானவர்கள் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது.

"வயல்ல கிடந்த உடம்புக்கு எப்படிங்க இது வரும்?" என்று அப்பா அவரிடமே கேட்டார். வயலில் கிடந்த வரைக்கும் வரவில்லை என்பதுதான் பதில். 70 வயதில் நிலத்தைக் குத்தகைக்கு விட்டார். அதற்கு முன்பே நடவுக்கும் அறுப்புக்கும் இயந்திரம் வந்துவிட்டது. மண்வெட்டி பிடித்த கையில் செய்தித்தாள் வந்தது. தசை பழைய வேலையை நினைவில் வைத்துக்கொண்டு நிற்காது, இந்த வாரம் என்ன வேலை கொடுத்தோமோ அதற்குத் தக்கபடிதான் இருக்கும். அதற்கு மேல் அந்த ஒன்பது நாள் படுக்கை. நல்ல ஆரோக்கியமான முதியவர்களைப் பத்து நாள் படுக்க வைத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வு ஒன்று 2007-இல் வந்தது. கொழுப்பு நீங்கலாகக் கால்களில் மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ குறைந்திருந்தது. நோயோடு படுத்தவருக்கு எவ்வளவு போயிருக்கும்? ஆஸ்பத்திரியில் அன்று நாங்கள் "அசையாம படுங்கப்பா" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தோம். இப்போது என்றால், மருத்துவர் அனுமதித்த அன்றே எழுப்பி உட்கார வைப்பேன், நடக்க வைப்பேன். வீடு திரும்பிய மறுவாரம் நாற்காலியில் எழச் சொல்லிக் கடிகாரம் பார்ப்பேன்.

சாப்பாட்டுக் கணக்கு போட்டபோது எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. வயதானவர்களுக்கு ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் வேண்டும். அப்பாவுக்கு 64-லிருந்து 77 கிராம் வரை. காலையில் நாலு இட்லி சட்னி, மத்தியானம் சாதம், தண்ணீராக ஒரு கரண்டி சாம்பார், ரசம், கொஞ்சம் மோர், ராத்திரி மூன்று தோசை, நடுவில் இரண்டு காபி. எப்படிக் கூட்டினாலும் 40 கிராமைத் தாண்டவில்லை. அம்மாவின் கணக்கு அதைவிட மோசம். எல்லாரும் சாப்பிட்ட பிறகு மிஞ்சின ரசத்தைச் சோற்றில் ஊற்றிக்கொள்கிறவள் அவள்.

இத்தனைக்கும் நம் மண்ணில் சம்பா அறுப்புக்குப் பத்து நாள் முன்னாலேயே அந்த ஈரத்தில் உளுந்தையும் பயறையும் தெளித்துவிடுகிறோம். மாசி, பங்குனியில் மூட்டை மூட்டையாக வருகிறது. உளுந்தில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு புரதம். அதை விற்றுவிட்டு டானிக் வாங்கினோம். இப்போது காலையில் இரண்டு முட்டை, மத்தியானம் வெறும் சாம்பார்த் தண்ணீர் இல்லாமல் கெட்டிப் பருப்பு, சாயங்காலம் ஒரு கிண்ணம் பயறோ கொண்டைக்கடலையோ சுண்டல், ராத்திரி ஒரு டம்ளர் பால். வாரத்தில் மூன்று நாள் மீன். உளுந்துக்கஞ்சி இரண்டு நாள், வெல்லம் சேர்க்காமல். 65, 70 கிராம் வந்துவிடுகிறது. ஒரே வேளையில் கொட்டாமல் மூன்று வேளையும் பிரித்துத் தருகிறேன். வயதான தசை சின்ன அளவுப் புரதத்துக்கு அவ்வளவாக அசைந்துகொடுக்காது, ஒவ்வொரு வேளையிலும் ஓரளவுக்கு இருக்க வேண்டும். புரதப் பவுடர் வாங்கலாமா என்று கேட்டேன். சாப்பிட முடிகிறவருக்குச் சாப்பாடே போதும் என்றார்கள், எங்களுக்குப் போதுமானதாகவே இருந்தது.

பயிற்சியில் நான் முதலில் ஒரு தப்பு செய்தேன். "தினம் டீக்கடை வரைக்கும் நடக்கிறாரே, அது போதாதா?" என்று கேட்டேன். நடை இதயத்துக்கு நல்லது, சர்க்கரைக்கு நல்லது. ஆனால் இழந்த வலுவைத் திரும்பக் கொண்டுவர தசைக்குப் பாரம் வேண்டும், பாரம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறவும் வேண்டும். இரண்டாவது தப்பு, ஆர்வத்தில் முதல் வாரமே தினமும் செய்ய வைத்தது. நாலாம் நாள் தொடை வலித்து அப்பா படுத்துவிட்டார். வாரத்தில் மூன்று நாள், நடுவில் ஒரு நாள் ஓய்வு என்று மாற்றிய பிறகுதான் நிலைத்தது.

செய்தது இவ்வளவுதான். நாற்காலியில் ஒரு கெட்டித் தலையணை போட்டு உயரமாக்கி, எழுந்து உட்காருவது எட்டு தடவை. ஆற விட்டு இன்னும் ஒரு எட்டு, அப்புறம் இன்னும் ஒரு எட்டு. மூன்று வாரம் கழித்துத் தலையணையை எடுத்தோம். அதற்கப்புறம் ஒரு கிலோ உப்புப் பாக்கெட்டை மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்தார். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குவது கெண்டைக்காலுக்கு. பழைய சைக்கிள் ட்யூபை வெட்டித் தூணில் மாட்டி, உட்கார்ந்தபடி இரண்டு கையாலும் இழுப்பது தோளுக்கும் கைக்கும். எழும்போது மூச்சை அடக்கக் கூடாது, பிரஷர் ஏறும். "ஒண்ணு, ரெண்டு" என்று வாய்விட்டு எண்ணச் சொன்னால் தானாக மூச்சு விடுவார்கள். சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர் என்பதால் வெறும் வயிற்றில் செய்ய விடுவதில்லை. நெஞ்சு வலி, தலைசுற்றல் என்றால் உடனே நிறுத்த வேண்டும். இதய நோய் உள்ளவர்கள் கேட்டுக்கொண்டுதான் தொடங்க வேண்டும். அம்மாவுக்கும் அதே பயிற்சிதான், ஆனால் அவளை உட்கார வைக்க நான் அடுப்பை அணைத்துவிட்டு நிற்க வேண்டியிருந்தது.

பன்னிரண்டு வாரம் கழித்து அதே மர நாற்காலியில் அப்பா 13 விநாடியில் முடித்தார். கைப்பிடி 25 கிலோ. அம்மாவுக்கு 16. கெண்டைக்கால் அளவு மட்டும் அப்பாவுக்கு அரை சென்டிமீட்டர்கூட ஏறவில்லை. எனக்கு ஏமாற்றமாக இருந்தது. வலு முதலில் வரும், சதை பின்னால்தான் வரும், அதுவும் மெதுவாகத்தான், டேப்பைப் பார்த்து விட்டுவிடாதீர்கள் என்றார் மேடம். 12-க்குக் கீழே இன்னும் வரவில்லை. பயிற்சி ஓடிக்கொண்டிருக்கிறது.

ஐப்பசியில் மழை விட்டிருந்த ஒரு நாள் மத்தியானம், "ஆத்துக்குப் போயிட்டு வரேன்" என்று அப்பா துண்டை எடுத்துத் தோளில் போட்டார். நானும் கூடப் போனேன். பாசி பிடித்திருக்கும் என்று நான் முன்னால் இறங்கி ஒவ்வொரு படியாகக் காலால் தேய்த்துப் பார்த்தேன். ஆறாவது படியில் தண்ணீர். இடது கையால் பக்கச் சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து இறங்கி வந்தார். முழுக்குப் போடவில்லை, நான் விடவும் இல்லை. ஐந்தாவது படியில் உட்கார்ந்து சொம்பால் மொண்டு மொண்டு ஊற்றிக்கொண்டார். எழும்போது நான் கை நீட்டினேன். வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு, முன்னால் சாய்ந்து, "ஒண்ணு" என்று சொல்லிக்கொண்டே எழுந்து நின்றார்.

வீட்டுக்கு வந்து தலை துவட்டியவர் திண்ணையிலேயே உட்கார்ந்துவிட்டார். பக்கத்தில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியின் கைப்பிடியில் அம்மா அந்த ஈரத்துண்டைக் காயப் போட்டாள்.